முகாமுக்குள் அவருக்கு அமெரிக்கா, வெளியே எனக்கு இத்தாலி

அன்புள்ள மேடம்,

சொந்த ஊர் கோயம்புத்தூர். படிக்கப் போன டெக்சாஸில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். கணவர் அமெரிக்கத் தரைப்படையில் சார்ஜென்ட். போன வருஷம் வட இத்தாலியில் உள்ள விச்சென்சாவுக்கு மாற்றல் வந்தது. மூன்று வருஷப் பணி. குழந்தை இல்லை. முகாமுக்கு வெளியே, இத்தாலியக் குடும்பங்கள் இருக்கும் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம்.

அவர் விடியற்காலையில் எடெர்லே முகாமுக்குப் போய்விட்டால் அங்கே எல்லாமே இங்கிலீஷ், எல்லாமே டாலர். மாலையில் சிரித்த முகமாகத் திரும்பி வருவார். வெளியே அலைவது நான்தான். மத்தியானம் அடைக்கிற கடை மூன்றரைக்குத்தான் திறக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பழத்தை வெறுங்கையால் தொட்டுவிட்டேன் என்று ஒரு அம்மா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது, வீட்டுக்காரரிடம் ஹீட்டர் பற்றி எப்படிக் கேட்பது, எல்லாம் என் தலையில். அமெரிக்காவில் மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். இங்கே அதுவும் இல்லை.

அவர் பயிற்சிக்காக ஜெர்மனி போயிருந்தபோது ஒருநாள் ராத்திரி, வாஷிங் மெஷினும் மின் அடுப்பும் ஓடிக்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது. மீட்டர் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. இருட்டில் தடவிக்கொண்டு நின்றேன். மேல் மாடிப் பாட்டி வீட்டுச் செருப்போடு, டார்ச் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டார். அப்புறம் கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். திட்டினாரா, தேற்றினாரா, ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் வந்து அழுதுவிட்டேன். போனில் சொன்னால், "முகாம் ஹவுசிங் ஆபீசில் சொல். மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுவோம், இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பால்கனியில் முகாமுக்கு எதிரான பழைய கொடி வேறு தொங்குகிறது. இவர்களுக்கு நம்மைப் பிடிக்காது, ஒதுங்கியே இருப்போம் என்கிறார் கணவர். இந்த ஊரோடு ஒட்ட முயற்சி செய்யட்டுமா, நாளை எண்ணிக்கொண்டு இருக்கட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விச்சென்சா

அன்புள்ள சகோதரி,

ஒட்டத்தான் வேண்டும். ஆனால் முதலில் வீட்டுக்குள் ஒன்றைச் சரிசெய்யுங்கள்.

மாற்றலில் உங்கள் கணவருக்கு அதே வேலை, அதே மொழி, கூடவே நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். நீங்களோ வேலை, சம்பளம், பழகிய தெரு, தயங்காமல் வாய் திறக்கும் தைரியம் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்குமேல் இருவருக்குமான வெளிவேலையும் உங்கள் மேல் விழுந்திருக்கிறது. அவர் இதைக் கண்ணால் பார்ப்பதில்லை, அதனால்தான் அப்படிக் கேட்டிருக்கிறார். சண்டை இல்லாத ஒரு நாளில் உட்காரவைத்துப் பேசுங்கள். "நீ கவனிப்பதே இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். குப்பை அட்டவணையையும் வீட்டுக்காரரிடம் பேசுவதையும் இனி அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். கடையில் நாலு முறை திணறிப் பார்த்தால் உங்கள் களைப்பு அவருக்கே புரியும்.

சரி, தனிமைக்கு வருவோம். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனதுக்கு நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. பழக்கமான வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒரு வகை உறவு இருப்பதால் மற்ற வகைத் தனிமை தீர்ந்துவிடாது என்றார். உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை என்று எனக்குத் தோன்றுகிறது. கணவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் ஊர் முழுக்க இருக்க வேண்டிய மனிதர்களுக்கு அவர் ஒருவரே ஈடாக முடியாது.

வட்டம் என்றதும் உயிர்த்தோழிகளைத் தேடி அலைய வேண்டாம். ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் என்ற உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காபிக் கடைக்குப் போனவர்களில் சிலரைச் சட்டென்று வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். சிலரை, காபி தருபவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசியவர்களுக்கு மனநிலையும் நன்றாக இருந்தது, இந்த இடத்தில் நாமும் ஒருவர் என்ற உணர்வும் கூடியிருந்தது. இதற்கு இத்தாலியைவிட வசதியான நாடு உண்டா? தெருமுனை காபி பாருக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். உள்ளே நுழைந்ததும் "போன்ஜோர்னோ" சொல்லுங்கள், சொல்லாமல் நுழைவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. வியாழக்கிழமைச் சந்தையில் ஒரே காய்கறிக்காரரிடம் வாங்குங்கள். அங்கே பழத்தை அவரே பொறுக்கித் தருவார், கையுறைக் கவலை இல்லை. சூப்பர் மார்க்கெட் கையுறையும் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான், உங்களுக்கென்று வைத்ததில்லை.

அந்தப் பாட்டி. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின் இணைப்பே 3 கிலோவாட்தான். இரண்டு பெரிய சாதனங்கள் ஒன்றாக ஓடினால் மீட்டர் அணைந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போடாதே என்றுதான் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். பிடிக்காதவளுக்காக யாரும் ராத்திரியில் மாடி இறங்கி வரமாட்டார்கள். உங்கள் கைப்பட ஏதாவது செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு மணிவரை மட்டும் அழைப்பு மணியை அடிக்காதீர்கள், ஓய்வு நேரம்.

கொடி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விச்சென்சாவின் தல் மோலின் விமான தளத்தில் புதிய அமெரிக்க முகாம் கட்டுவதை எதிர்த்து 2007 பிப்ரவரியில் பல்லாயிரம் பேர் அந்த ஊரில் ஊர்வலம் போனார்கள். ஆனாலும் 2013இல் முகாம் திறக்கப்பட்டது. தங்கள் ஊர் நிலத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு கருத்து இருந்தது, இன்னும் இருக்கலாம். அதே தெருவில் குடியிருக்கும் உங்களை வெறுக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மொழிக்கு, வயதுவந்தோர் கல்விக்கான சிபிஐஏ என்ற அரசு மையங்களில் வெளிநாட்டவருக்கு இத்தாலியன் சொல்லித்தருகிறார்கள். முகாம் வகுப்பைவிட இதையே நான் சொல்வேன், பல நாட்டுப் பெண்கள் உங்களைப் போலவே திணறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள். படைவீரர் குடும்பங்களுக்கு மிலிட்டரி ஒன்சோர்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் சேவை மூலம் ஒரு பிரச்சினைக்கு 12 அமர்வுகள் வரை கட்டணமில்லாமல், வெளிநாட்டில் இருந்தால் போனிலோ வீடியோவிலோ கிடைக்கும், தம்பதியாகவும் பேசலாம். பேசுவது ரகசியமாக இருக்கும். உயிருக்கு ஆபத்து, வீட்டு வன்முறை போன்றவைதான் விதிவிலக்கு. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கணவரிடம் சொல்லுங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.