கோடையில் வன்னிக் குளங்களில் வள்ளமேறிப் பறவை பார்ப்பதால் பயன் உண்டா?

வலசைப் பறவைகள் திரும்பிவிட்ட ஆனி, ஆடியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் அதுவே நல்ல காலம். நீர் வற்றி ஒடுங்கும்போது, வட இலங்கையின் வன்னிக் குளங்களான கட்டுக்கரைக்குளத்திலும் இரணைமடுவிலும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா ஆகியவை எஞ்சிய நீரைச் சுற்றியே கூடுகின்றன. பூநாரைகளைக் காண விரும்பினால் மட்டும் மாரியில் மன்னார்க் கரையோரத்திலுள்ள வங்காலைக்குச் செல்லுங்கள்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வெயில் ஏறியதும் வலுப்பதால், விடியுமுன் வள்ளத்தை இறக்கி, சூரியனை முதுகுப்புறம் வைத்து, துடுப்பு நீரில் சளக்கென்று அடிபடாமல் தாமரைப் பற்றைகளின் ஓரமாக மெதுவாகச் செல்ல வேண்டும். அங்கே, மிதக்கும் இலையில் நீளவால் இலைக்கோழி முட்டைகளின்மேல் அமர்ந்திருந்தால், அது ஆண் பறவை. பெண் முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடும். நெருங்காதீர்கள், அது எழுந்தால் முட்டைகள் வெயிலில் காயும்.

பட்டமரத்தில் சிறகு விரித்திருக்கும் பாம்புத்தாரா உங்களுக்கு அஞ்சி அப்படி நிற்கவில்லை. நீர் ஊறும் இறகுகளை உலர்த்துகிறது. சேற்றுக்கரையில் மரக்குற்றிபோலக் கிடப்பது முதலையாக இருக்கலாம் என்பதால் கையை நீரில் அளைய வேண்டாம். மாலையில் யானைகள் நீருக்கு வரும்; அதற்குமுன் கரையேறிவிடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள்.