நிலைமின்சாரத்துக்கும் மின்னோட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டிலும் இருப்பது ஒரே மின்னூட்டம்தான். ஓரிடத்தில் தேங்கி நின்றால் நிலைமின்சாரம். ஓடிக்கொண்டே இருந்தால் மின்னோட்டம்.

உலர்ந்த தலைமுடியை பிளாஸ்டிக் சீப்பால் வாரினால், முடியிலிருந்து எலக்ட்ரான்கள் (மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள்) சீப்புக்குத் தாவுகின்றன. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது; அதனால் வந்தவை அங்கேயே தங்கிவிடும். காகிதத் துணுக்குகளைச் சீப்பு இழுப்பது இதனால்தான்.

செம்புக் கம்பியில் கதையே வேறு. அதில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன, பேட்டரி அவற்றைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். நீர் நிரம்பிய குழாயில் ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் உடனே நீர் வெளிவருமே, அப்படி. எலக்ட்ரான்கள் பொதுவாக வினாடிக்கு 1 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆனாலும் ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிவது, கம்பி முழுவதும் அவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால்தான்.

நிலைமின்சாரத்தில் வோல்ட் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்கிறதே, அதில் சில ஆயிரம் வோல்ட் இருக்கும். மின்னூட்டம் மிகச் சொற்பம் என்பதால் கணத்தில் தீர்ந்துவிடுகிறது.