இருநிலை மாறிக்கும் தொடர் மாறிக்கும் உள்ள ஒட்டுறவைப் படமாகக் காட்டுவது எப்படி?

ஆம், இல்லை என இரண்டே மதிப்புள்ள இருநிலை மாறியை, வெப்பநிலைபோல் இடைப்பட்ட எந்த மதிப்பும் எடுக்கக்கூடிய தொடர் மாறியோடு சிதறல் வரைபடத்தில் போட்டால் இரண்டு தடித்த கோடுகள்தாம் தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேலாளர் நாளைக் காலைக்குள் படத்தைக் கேட்டிருப்பார் என்றே ஊகிக்கிறேன். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உறைந்த உணவு விநியோகிக்கும் நிறுவனமொன்றில் நான் பணியாற்றியபோது, லாரியில் பதிவான வெப்பநிலையும் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பினாரா என்ற விவரமும் என் கையில் இருந்தன. திரும்பி வந்தவற்றை மட்டும் காட்டினால் போதும் என்று மேலாளர் சொன்னார். நானும் வாய்மூடிக்கொண்டு அப்படியே வரைந்தேன். அவை எல்லா வெப்பநிலையிலும் பரவிக் கிடந்ததால் குளிரூட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட சரக்குகளையும் பிறகு சேர்த்துப் பார்த்தபோது, அவை ஏறக்குறைய அனைத்தும் குளிர்ந்த பக்கத்திலேயே குவிந்திருந்தன. பழி என்மேல் விழுந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1986இல், கிளம்பிய சற்று நேரத்தில் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவிலும் இதே பிழை நடந்தது. ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் சேதமடைந்த முந்தைய பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். சேதமில்லாதவற்றையும் சேர்த்திருந்தால், 63 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களிலும் சேதம், 66 டிகிரியும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே சேதம் என்பது கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே இரு பிரிவுகளின் எல்லாப் புள்ளிகளையும் போடுங்கள். தொடர் மாறி காரணமாகவும் ஆம்-இல்லை விளைவாகவும் இருந்தால், தொடர் மாறியைக் கிடைமட்டத்தில் வைத்து, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி மேலும் கீழுமாகச் சிறிது கலைத்துவிட்டு, ஊடாக லாஜிஸ்டிக் வளைவை, அதாவது ஆம் என்பதன் நிகழ்தகவு எப்படி மாறுகிறது என்று காட்டும் S வடிவக் கோட்டை, வரையுங்கள். பிரிவுதான் காரணமென்றால் மதிப்புகளின் நடுப்பகுதியையும் பரவலையும் பெட்டியாகக் காட்டும் இரண்டு பெட்டி வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின்மேல் புள்ளிகளைத் தூவினாலே போதும்.

வளைவு ஒட்டுறவு ஆகாது என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். இருநிலை மாறிக்கும் தொடர் மாறிக்கும் உள்ள ஒட்டுறவை ஓர் எண்ணாகச் சொல்லும் பாயிண்ட் பைசீரியல் கெழு என்பது, இல்லை, ஆம் என்பவற்றைப் பூஜ்யம், ஒன்று எனக் குறியிட்டுக் கணக்கிட்ட, ஒட்டுறவுக்கு வழக்கமாகப் பயன்படும் பியர்சன் கெழுவேதான். பூஜ்யம்-ஒன்றைக் கிடைமட்டத்தில் வைத்து நேர்கோடு பொருத்தினால் அது இரு பிரிவுகளின் சராசரிகள் வழியே செல்லும். ஆனால் சராசரிகளின் வேறுபாடும் மொத்தத் திட்டவிலக்கமும் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) மாறாமலே, பிரிவுகள் பாதிப்பாதியாக இருக்கும்போது 0.5 ஆக வரும் கெழு, 10க்கு 90 என்று பிரிந்தால் 0.3 ஆகிவிடும். எங்கள் சரக்குகளில் திரும்பி வந்தவை மிகக் குறைவு என்பதால், அந்த எண்ணைப் படத்தின் மூலையில் சிறிய எழுத்தில்தான் போட்டேன்.