பதினாறு மாதமாக மெய்ப்பிலேயே நிற்கும் நூலை வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வு நூலின் கைப்பிரதியைப் பதினாறு மாதங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்திடம் ஒப்படைத்தேன். அவர்கள் அனுப்பிய மூன்று பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அவர்கள் கையெழுத்திட்ட படி எனக்கு இன்றுவரை வரவில்லை. பக்க வடிவமைப்புச் செலவில் ஒரு பகுதியை நானே கொடுத்தேன். செம்மையாக்கியவர் என்னைக் கேட்காமல் இரண்டு இயல்களை ஒன்றாக்கிவிட்டார். ஓரிடத்தில் 'இது ஆய்வா, நாட்குறிப்பா?' என்று ஓரக்குறிப்பு எழுதியிருந்தார், அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. மூன்று மெய்ப்புகளையும் (அச்சுக்கு முன் பிழை பார்க்க அனுப்பும் படிகளை) பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதன்பின் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. இப்போது வேறொரு பதிப்பகம் உடனே அச்சிடத் தயாராக இருக்கிறது. கடைசி மெய்ப்பின் பி.டி.எஃப். என்னிடம் உள்ளது. பழைய பதிப்பகம் கையெழுத்திடாததால் ஒப்பந்தமே செல்லாது என்கிறார் நண்பர். நூலைப் புதியவர்களுக்குக் கொடுத்துவிடலாமா? பழைய பதிப்பகத்தின் மீது மோசடிப் புகாரும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் கோரலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். வழக்கைத் தீர்மானிக்கக்கூடிய செய்தி அதில் ஒரே இடத்தில்தான், அதுவும் அடைப்புக்குறிக்குள், வருகிறது: 'நூல் வெளியாகும் காலம் பதிப்பகத்தின் முடிவுக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருந்ததாக நினைவு.' ஓரக்குறிப்பும் எடுக்கப்படாத தொலைபேசியும் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருந்தாலும், எந்த நீதிமன்றமும் அவற்றை இரண்டாம் முறை படிக்காது. மோசடி என்று சொல்ல, ஒப்பந்தம் போட்ட நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மூன்று முறை மெய்ப்பு அனுப்பிய பதிப்பகத்தின் மீது அதைக் காட்ட முடியாது. ஒப்பந்தம் மீறப்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டில் மன உளைச்சலுக்குப் பொதுவாக இடமில்லை. இயல்களை இணைத்ததைப் பொறுத்தவரை, படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனி உரிமை தருகிறது என்பது உண்மையே. ஆனால் இணைக்கப்பட்ட அந்த இயலை நீங்களே மூன்று முறை மெய்ப்புப் பார்த்து, எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காமல் திருப்பியிருக்கிறீர்கள், நூலும் இன்னும் வெளிவரவில்லை. இவற்றை இத்துடன் விட்டுவிடுங்கள்.

அடுத்து உங்கள் நண்பரின் யோசனை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், உரிமையை மாற்றித் தருபவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்றும்தான் கேட்கிறது. மாற்றித் தருபவர் நீங்கள், கையெழுத்திட்டுவிட்டீர்கள். வாங்குபவர் கையெழுத்திடவில்லை என்பதால் மட்டும் அது வெற்றுத்தாள் ஆகிவிடாது. உங்கள் கைப்பிரதியைப் பெற்று, வடிவமைத்து, மெய்ப்பு அனுப்பியதன் மூலம் அவர்கள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதை நடத்தையால் காட்டிவிட்டார்கள். 'அவர்கள் கையெழுத்து இல்லை' என்ற ஒரே காரணத்தை நம்பி வேறிடத்தில் நூலை அச்சிட்டுவிட்டு என்னிடம் வருபவர்கள் குறைவில்லை.

உங்களுக்கு உண்மையில் துணை நிற்பது அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு. உரிமை மாற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், வாங்கியவர் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு வகையில் குறிப்பிட்டிருந்தாலன்றி, அந்த மாற்றம் காலாவதியானதாகக் கருதப்படும். அவர்கள் வாங்கியது முழு உரிமையாக இல்லாமல் வெளியிடுவதற்கான உரிமமாக இருந்தாலும், 30அ பிரிவின்படி 19ஆம் பிரிவு அதற்கும் தக்க மாற்றங்களுடன் பொருந்தும். உங்களுக்குப் பதினாறு மாதங்கள் ஆகிவிட்டன. 'மெய்ப்பு அனுப்பினோம், ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் வாங்கினோம், இதுவே பயன்படுத்தியதுதானே' என்று அவர்கள் வாதிடலாம். படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதையே சட்டம் வெளியீடு என்கிறது. அச்சுக்கு முந்தைய வேலை எவ்வளவு நடந்திருந்தாலும் அது ஆயத்தமே என்பது என் கருத்து.

ஆனால் 'வேறு வகையில் குறிப்பிட்டிருந்தாலன்றி' என்ற சொற்களுக்குள் உங்கள் அடைப்புக்குறி வரி நுழைந்துவிடக்கூடும். காலத்தைப் பதிப்பகமே தீர்மானிக்கும் என்று எழுதியது ஓராண்டு வரம்பை விலக்குவதாகும் என்பார்கள் அவர்கள். குறிப்பிட்ட காலம் எதையும் வகுக்காத வரி சட்டத்தின் காலக்கெடுவை விலக்காது என்போம் நாம். நமது வாதம் வலுவானது என்றே நினைக்கிறேன், ஆனாலும் அது வாதம்தான், தீர்ப்பு அல்ல. இதோடு உங்கள் வாட்ஸ்அப் உரையாடலின் நகலில், பதினோராம் மாதத்தில் 'அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள் ஐயா' என்று நீங்கள் மரியாதைக்காக எழுதிய ஒரு வரியும் இருக்கிறது. ஒப்பந்தப்படி வேலையைப் பெற வேண்டியவரே காலத்தை நீட்டிக்கலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 63ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முதல் ஆவணமாகத் தாக்கல் செய்வார். நான் அவருடைய இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

இத்தனையும் பழைய பதிப்பகத்தைப் பற்றியது. நான் அஞ்சுவது புதிய பதிப்பகத்தின் ஒப்பந்தத்தைக் குறித்து. அதைப் படித்தீர்களா? அநேகமாக இப்படி ஒரு விதி இருக்கும்: இந்தப் படைப்பின் முழு உரிமையும் ஆசிரியரிடமே உள்ளது, வேறு எவருக்கும் மாற்றித் தரப்படவோ உரிமம் அளிக்கப்படவோ இல்லை, இந்த உறுதிமொழி பொய்யானால் பதிப்பகத்துக்கு ஏற்படும் எல்லா இழப்பையும் வழக்குச் செலவையும் ஆசிரியரே ஈடுசெய்வார். எழுத்தாளர்கள் உரிமைத்தொகை விகிதத்தைப் பத்து முறை படிப்பார்கள். இந்த விதியைக் கடந்து போவார்கள். நீங்கள் இதில் இன்று கையெழுத்திட்டால், 19(4) குறித்த உங்கள் வாதம் தோற்கும் நாளில் உங்கள் மீது இரண்டு கோரிக்கைகள் வரும்: முதல் பதிப்பகம் உரிமை மீறல் என்று வரும், இரண்டாம் பதிப்பகம், அச்சடித்த படிகளை விற்க முடியாமல் முடங்கிய செலவை உங்களிடம் கேட்டு வரும். முதலாவதைப் பேசி முடித்துவிடலாம். இரண்டாவது, நீங்களே எழுதிக்கொடுத்த வாக்குறுதி என்பதால், அதற்குப் பதில் சொல்ல அநேகமாக எதுவும் இருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் உங்களைப் போலவே பொறுமை இழந்து, கையிலிருந்த கடைசி மெய்ப்பின் பி.டி.எஃப். கோப்பை அப்படியே புதிய பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்களும் அட்டையை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினார்கள். நூல் வெளிவந்த பின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால், பதிப்பு விவரங்களுக்கு நடுவே முதல் பதிப்பகத்தின் பெயரும் அவர்கள் வாங்கிய ஐ.எஸ்.பி.என். எண்ணும் அப்படியே இருந்தன. உரிமை காலாவதியானதா இல்லையா என்ற நல்ல வாதம் அவருக்கும் இருந்தது; ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்த பின் அந்த வாதத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் பணம் கொடுத்து வெளியே வந்தார்.

ஆகவே அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். உங்கள் வாசகம் உங்களுடையது. எழுத்துப்பிழைத் திருத்தம் செய்ததால் அது பதிப்பகத்துடையது ஆகிவிடாது. 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூல வாசகத்தில் செய்யும் சாதாரணத் திருத்தங்களுக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது, திறனும் தேர்வும் குறைந்தபட்சப் படைப்பூக்கமும் கலந்த பங்களிப்புக்கே அது உண்டு என்று சொன்னது. ஆனால் உங்கள் செம்மையாக்குநர் இயல்களை இணைத்திருக்கிறார். இணைப்புக்காகப் புதிய பத்திகளையும் எழுதியிருந்தால் அந்தப் பத்திகள் உங்களுடையவை என்று நான் துணிந்து சொல்லமாட்டேன். அட்டை ஓவியமும் அப்படியே. உரிமையை எப்படி மீட்டாலும், புதிய பதிப்புக்கு நீங்கள் முதலில் ஒப்படைத்த உங்கள் சொந்தக் கோப்பையே எடுத்து, அதில் நீங்களே திருத்தங்களைச் செய்யுங்கள். இயல்களை இணைக்க வேண்டாம் என்றுதானே நீங்களும் விரும்பினீர்கள்.

வழக்குப் போட்டு உரிமையை அறிவிக்கச் செய்யலாமே என்று கேட்பீர்கள். கோரிக்கையின் மதிப்பு மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத பதிப்புரிமை வழக்குகள் வணிக நீதிமன்றச் சட்டம், 2015இன் கீழ் வரும். அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்கில் முதலில் சமரச முயற்சி செய்தே தீர வேண்டும், செய்யாமல் தாக்கல் செய்தால் வழக்குரை நிராகரிக்கப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்படியும் அவர்களோடு ஒரு மேசையில் உட்காரத்தான் போகிறீர்கள். வழக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே உட்காருங்கள்.

என் ஆலோசனை வெளிப்படையானது: சமாதானமாகப் போங்கள். வடிவமைப்புக்கு நீங்கள் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்காதீர்கள். தேவைப்பட்டால் செம்மையாக்கச் செலவாக இன்னும் கொஞ்சம் கொடுங்கள். அதற்கு ஈடாக ஒரே ஒரு பக்கம் வாங்குங்கள். அதில் நூலின் பெயர், ஒப்பந்தத் தேதி, அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகிய எல்லா உரிமைகளும் ஆசிரியருக்கே திரும்பிவிட்டன என்ற வாசகம், இருதரப்புக்கும் இனி ஒருவர் மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்ற வாசகம், அவர்களது கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். தொலைபேசியில் 'நீங்கள் தாராளமாக வேறிடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். புதிய நூல் நன்றாக விற்கத் தொடங்கியதும் அந்த வார்த்தை அவருக்கு மறந்துபோகும்.

அவர்கள் பதிலே தராவிட்டால் மட்டும் வழக்கறிஞர் அறிவிப்பு. அது இரண்டு காரணங்களுக்காகத் தாமதிக்கக்கூடாது. ஓராண்டு முடிந்த நாளிலேயே உரிமை காலாவதியாகிவிட்டது என்ற உங்கள் நிலைப்பாடு தேதியோடு பதிவாக வேண்டும். அத்துடன், தேவைக்கேற்ப அச்சிடும் இயந்திரத்தில் ஐம்பது படிகளை ஒரே இரவில் எடுத்துவிட்டு 'வெளியிட்டுவிட்டோம்' என்று அவர்கள் சொல்வதற்கு முன் அது அவர்கள் கையில் சேர வேண்டும். அதில் 'ரத்து செய்கிறேன்' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் இதுவரை உரிமை அவர்களிடம் உயிரோடு இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். இன்ன தேதியில் காலாவதியாகிவிட்டது என்றே எழுத வேண்டும்.

புதிய பதிப்பகத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காத்திருக்க மறுத்தால், அந்த உறுதிமொழி விதியில் முந்தைய ஒப்பந்தம் பற்றிய விவரத்தைச் சேர்த்து, அதனால் எழும் பொறுப்பு அவர்களுக்குத் தெரிந்தே ஏற்கப்பட்டது என்று திருத்தி வாங்குங்கள். திருத்தவும் மறுத்தால் கையெழுத்திடாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் கையெழுத்திட்ட அந்த மூன்று பக்கங்களின் படியை அவர்களிடமிருந்து மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். நினைவில் இருக்கும் ஒரு வரியை நம்பி நான் அறிவிப்பு எழுதுவதில்லை.