தூணும் கம்பமும் ஒன்றா?

அன்புள்ள ஐயா,

நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுகதையில் ஒரே பக்கத்தில் 'தூண்' நான்கு முறை வந்துவிட்டது. அதனால் ஒன்றைக் 'கம்பம்' என்றும் இன்னொன்றை 'ஸ்தம்பம்' என்றும் மாற்றினேன். 'அவள் ஸ்தம்பத்தில் சாய்ந்து நின்றாள்' என்ற வரி நெருடுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அகராதியில் எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானே போட்டிருக்கிறது? கான்கிரீட் தூணைப் 'பில்லர்' என்று எழுதலாமா?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

பில்லர் விஷயத்தை விடுங்கள். கொத்தனார் பேசினால் பில்லர் என்றுதான் பேசுவார், அப்படியே எழுதுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. ஒரு சொல் இரண்டாம் முறை வந்தாலே குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் தூண் இருந்தால் நான்கு முறை என்ன, நாற்பது முறையும் தூண்தான். 'சிற்றில் நற்றூண் பற்றி' நின்றுகொண்டு, 'உன் மகன் எங்கே?' என்று ஒருத்தி கேட்கிறாள், புறநானூற்றின் 86ஆம் பாட்டில். பிடித்துக்கொள்ள அந்தச் சின்ன வீட்டில் ஒரு தூண் இருக்கிறது. அங்கே ஸ்தம்பத்தை நட்டுப் பாருங்கள், வீடே காணாமல் போய்விடும்.

அகராதி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் சொற்கள் ஒன்றாகிவிடாது. நிமிர்ந்து பாருங்கள். மேலே பாரம் இருந்தால் பெரும்பாலும் அது தூண். தனியாக நின்று கொடியையோ கம்பியையோ பிடித்துக்கொண்டிருந்தால் கம்பம். மேலே பாரமில்லாமல் தனியாக நிற்கும் மதுரை விளக்குத்தூணைக் காட்டி என்னை மடக்கலாம். மடக்குங்கள், பேச்சு வழக்கு சட்டப் புத்தகம் பார்த்து நடப்பதில்லை. எண்ணிச் சொல்லும்போது கால்: நாலுகால் மண்டபம், பதினாறுகால் மண்டபம். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள், ஆனாலும் அதை ஆயிரந்தூண் மண்டபம் என்று யாரும் சொல்வதில்லை.

பாரம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைக் கோயில்களுக்குப் போய்ப் பாருங்கள். தூண் கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மறுபடி சதுரம், அதன் தலையில் போதிகை என்கிற தாங்குகட்டை, போதிகைமேல் கூரையைத் தாங்கும் உத்தரம். மொத்தமும் ஒரே பாறை. உத்தரத்தைத் தூக்கிப் போதிகைமேல் வைக்கிற வேலையே அங்கே இல்லை. அப்படியும், மரத்தில் கட்டினால் எது எதைத் தாங்குமோ அதை ஒன்று விடாமல் செதுக்கியிருக்கிறான் சிற்பி. தாங்குவதாகக் காட்டினால்தான் அவனுக்கு அது தூண்.

எங்கள் அப்பத்தா வீடு செட்டிநாட்டுப் பக்கம். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண்கள். அப்பத்தா சாய்ந்து உட்காரும் தூணில், உட்கார்ந்த வாக்கில் கை எட்டும் உயரத்தில், வெள்ளை வெள்ளையாக விரல் தடங்கள் இருக்கும். வெற்றிலையில் தடவியது போக விரலில் மிஞ்சும் சுண்ணாம்பை அங்கேதான் துடைப்பார். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். அதற்குக் கீழே, முதுகு பட்டுப் பட்டு எண்ணெய் ஏறி, மரம் கறுத்துப்போயிருக்கும். சண்டை போட்டால் நாங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதும் அந்தத் தூணைத்தான்.

அப்புறம் பாகம் பிரிந்தது. வீட்டை இடித்தார்கள். தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போயின. பல வருஷம் கழித்து ஒரு விடுதியின் வரவேற்பறையில் அதே மாதிரி ஒரு ஜோடியைப் பார்த்தேன். வார்னிஷ் பளபளத்தது. தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எதையும் தாங்காமல் சும்மா நிற்க வைத்திருந்தார்கள். வைரம் பாய்ந்த மரத்தை இப்படி அவமானப்படுத்த எப்படி மனசு வருகிறதோ! பக்கத்தில் 'பாரம்பரியத் தூண்' என்று பலகை வேறு. என்னால் அங்கே காபிகூடக் குடிக்க முடியவில்லை. உங்கள் வரியைப் படித்தபோதும் எனக்கு அதே கோபம்தான் வந்தது, வருத்தப்படாதீர்கள். எழுதத் தெரிந்தவர் நீங்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கதையில் எனக்கு வேறொன்று இடித்தது. அவள் சாய்ந்து நிற்கும் தூண் மரமா, கல்லா, சுதை பூசியதா என்று எங்குமே இல்லை. மத்தியான வெயிலில் நிற்கிறாள், கல்லென்றால் முதுகு சுட்டிருக்கும். அதை முடிவு செய்து எழுதுங்கள். நான்கு தூணையும் பழையபடி வைத்து எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.