பழைய ஜாவா பதிப்புகளுக்கான ஆதரவைக் கைவிட்டால் லைப்ரரியில் உள்ள தேவையற்ற பூட்டுகளைக் குறைக்க முடியுமா?

முடியும். (பூட்டு என்பது, நிரலுக்குள் இணையாக ஓடும் பணித்தொடர்களான த்ரெட்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் காவல்.) உங்கள் லைப்ரரியும் யாரோ ஒரு பழைய வாடிக்கையாளரை முன்னிட்டுத்தான் இன்னும் ஜாவா 7-இல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் நிலைமை அதுவாகத்தான் இருந்தது.

பணப் பரிமாற்றச் செய்திகளை உருவாக்கித் தரும் ஒரு லைப்ரரியை எங்கள் குழு பராமரித்து வந்தது. நெரிசலான நேரங்களில் சர்வரின் த்ரெட் டம்ப்பை, அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பட்டியலை, எடுத்துப் பார்த்தால், பெரும்பாலான த்ரெட்கள் ஒரே வரியில் பூட்டுக்காகக் காத்து நிற்கும். எல்லா த்ரெட்களுக்கும் பொதுவான ஒரு சிம்பிள்டேட்ஃபார்மேட்டை (தேதியை எழுத்தாக மாற்றும் ஜாவாவின் பழைய வகுப்பு) சுற்றிப் போடப்பட்ட சிங்க்ரனைஸ்டு பிளாக், அதாவது பூட்டப்பட்ட நிரல் பகுதி, அது. சிம்பிள்டேட்ஃபார்மேட் தன்னுள் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அழைப்பிலும் அதை மாற்றி எழுதுவதால், பூட்டை எடுத்துவிட்டால் எந்தப் பிழையும் காட்டாமலே தவறான தேதி வெளியே போகக்கூடும். ஆகவே அதை எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். 2014-இல் ஜாவா 8-உடன் அதே வேலைக்காக வந்த டேட்டைம்ஃபார்மேட்டர், ஒருமுறை உருவான பின் மாறாத பொருள் என்பதால், எத்தனை த்ரெட்கள் பகிர்ந்துகொண்டாலும் அதற்குப் பூட்டு வேண்டியதில்லை. குறைந்தபட்சப் பதிப்பை 8-க்கு உயர்த்தி இதை மாற்றியதும் அந்த நெரிசல் நின்றது.

த்ரெட்லோக்கலோ (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிப் பிரதி தரும் வசதி) ஜோடா டைமோ (தேதிகளுக்கான ஒரு வெளி லைப்ரரி) போதுமே என்று கீழே யாராவது எழுதுவார்கள். போதும்தான், ஆனால் த்ரெட்டுக்கு ஒரு பிரதி, ஒவ்வொரு தேதி வடிவத்துக்கும் தனித்தனிப் பிரதி என்று பெருக்கிக்கொள்வதும், பிறருடைய நிரலுக்குள் போய் அமரும் லைப்ரரியில் இன்னொரு வெளி லைப்ரரியைச் சேர்த்து அவர்களுக்குப் பதிப்பு மோதலை உண்டாக்குவதும் எங்களுக்கு உவப்பாக இல்லை.

தொழில்நுட்பம் எங்களுக்குத் தடையாக இருக்கவில்லை. ஜாவா 7-க்கான பொதுப் புதுப்பிப்புகள் 2015 ஏப்ரலிலேயே நின்றுவிட்ட பிறகும், "ஓடுவதை ஏன் தொட வேண்டும்?" என்று கேட்ட அந்த ஒரு வாடிக்கையாளருக்காக மற்ற அனைவரும் பூட்டின் சுமையைச் சுமந்தார்கள். சோதித்துப் பார்க்க ஒரு சர்வரைக்கூடத் தராதவர்கள், நாங்கள் ஆதரவை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் நம்பிக்கைத் துரோகம் என்று மின்னஞ்சல் அனுப்பியதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. இறுதியில், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய கிளை (தனிப் பதிப்பு வரிசை) ஒன்றை அவர்களுக்கென ஒதுக்கினோம்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பூட்டுகளையும் பிடுங்கி எறியாதீர்கள். போட்டியில்லாத பூட்டின் செலவு பெரும்பாலும் அற்பமானது. த்ரெட்கள் உண்மையில் காத்து நிற்கும் இடத்தை அளந்து கண்டுபிடித்து, அதை மட்டும் தொடுங்கள். ஒன்றாகவே மாற வேண்டிய இரண்டு புலங்களைச் (பொருளுக்குள் உள்ள மதிப்புகளை) சேர்த்துக் காக்கும் பூட்டு எந்தப் பதிப்பிலும் தேவைப்படும். பூட்டுக்குள் இருந்த ஹாஷ்டேபிளை (சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேமிக்கும் அட்டவணை) எடுத்துவிட்டு, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய கன்கரண்ட்ஹாஷ்மேப்பை வைப்பதால் மட்டும், "இருக்கிறதா என்று பார், இல்லையெனில் சேர்" என்ற இரு படிகள் ஒன்றாகிவிடமாட்டா. அதற்கு, இரண்டையும் ஒரே அழைப்பில் செய்யும் கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் போன்ற ஒன்று வேண்டும். கம்ப்யூட்இஃப்ஆப்சென்டும் ஜாவா 8-இல், சாவி ஏற்கனவே இருக்கும்போதுகூடப் பல வேளைகளில் உள்ளே பூட்டு போடும் (9-இல் இது பெருமளவு சரிசெய்யப்பட்டது). ஆகையால் 8-ஐயே அடித்தளமாக வைத்துக்கொள்வதானால், முதலில் சாதாரண கெட் (மதிப்பை எடுத்துப் பார்க்கும் அழைப்பு) கொண்டு தேடிவிட்டு, கிடைக்காதபோது மட்டும் கம்ப்யூட்இஃப்ஆப்சென்டை அழையுங்கள்.