தென்கொரியாவின் தொட்டில்கள்: கேள்வி பதில்

நாடு பணக்கார நாடானால் பிள்ளைகள் குறைந்துவிடும் என்கிறார்களே, காசுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இல்லை. முதலில் குறைவது இறப்பு. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் வந்ததும் குழந்தைகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் ‘ஆறு பெற்றால்தான் மூன்று தங்கும்’ என்ற பழைய கணக்கு பெற்றோர் மனத்தைவிட்டுப் போகச் சில காலம் ஆகும். அந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை பெருகுகிறது. அந்தக் கணக்கு மாறியதும் பிறப்பும் குறைகிறது. ஐரோப்பா நிதானமாக நடந்த இந்தப் பாதையைத் தென்கொரியா ஓடிக் கடந்தது. 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள், 1983இல் இரண்டு, 2023இல் 0.72.

அரசு கட்டாயப்படுத்தியதா?

விடாமல் பிரசாரம் செய்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய 1962இலேயே குடும்பக் கட்டுப்பாடும் தேசியத் திட்டமானது. ஆனாலும் பெண்களின் படிப்புக்கும் நகரத்து வேலைக்கும்தான் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். ஆண்பிள்ளை ஆசை மட்டும் உடனே குறையவில்லை. 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. நம் ஊர் ஸ்கேன் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1983இலேயே இரண்டாகக் குறைந்துவிட்டது என்றால், அதன் பிறகும் மக்கள்தொகை கூடியது எப்படி? கணக்கு உதைக்கிறதே!

உதைக்கவில்லை. 1970இல் மட்டும் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் வளர்ந்து, ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றாலும், பெறுகிறவர்கள் அத்தனை பேர் அல்லவா? வயதானவர்களோ அப்போது சொற்பம், சாவும் குறைவு. அந்தப் பெருங்கூட்டம் பிள்ளை பெறும் வயதைத் தாண்டியதும் கணக்கு புரண்டது. 2020 முதல் பிறப்பைவிட இறப்பு அதிகம். 2023இல் பிறந்தவர்கள் 2 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான்.

முதியோர் நிலை?

65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆக பிரான்சுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கொரியாவுக்குப் பதினெட்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. ஓய்வூதிய ஏற்பாடு வேரூன்றும் முன்பே முதுமை வந்து நின்றது.

பணம் கொடுத்தால் மறுபடி பெற்றுக்கொள்வார்களா?

கொடுத்துத்தான் பார்க்கிறார்கள். சியோலில் வீட்டு விலை, பள்ளி விட்டதும் தொடங்கும் தனிப்பயிற்சிக்கான செலவு, பிள்ளை பெற்ற பெண்ணின் வேலை என்னவாகும் என்ற கவலை – இவற்றின் முன்னால் உதவித்தொகை எம்மாத்திரம்? திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவதும் அங்கே அபூர்வம் என்பதால், கல்யாணம் தள்ளிப்போனால் தொட்டிலும் தள்ளிப்போகிறது. ஒரு பெண்ணுக்கான பிள்ளைச் சராசரி 2024இல் 0.75 ஆகச் சற்றே ஏறியது. அதற்கே மகிழ்ந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதே கதிதானா?

பிறப்பு இறப்பைக் கணக்கிட இந்திய அரசு நடத்தும் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2020இல் இங்கே அந்தச் சராசரி 1.4. கொரியா அளவுக்குக் கீழே போகவில்லை. ஆனால் கொரியாவின் வருமானம் நம் கைக்கு வரும் முன்பே இந்த எண் வந்துவிட்டது. என் கவலை அதுதான்.